பழைய பெயிண்ட் பூசிய உட்கூரைக்குப் புதுப்பூச்சு: வேலைக்கு முன் கவனிக்க வேண்டியவை

ரிச்சர்ட்சன் நகரில் பழைய வீடு வாங்கிக் குடிபுகும் குடும்பத்தினர் பெரும்பாலும் முதலில் சமையலறையையும் தரையையும் சீர்செய்கின்றனர். சுவர்களுக்குப் புது வண்ணம் பூசிய பின்னரே அவர்களின் பார்வை தலைக்கு மேலே செல்கிறது. அங்கே பொரியை அள்ளி ஒட்டியது போன்ற கரடுமுரடான பாப்கார்ன் பூச்சு இருக்கக்கூடும். அல்லது மூன்று, நான்கு முறை அடித்த பெயிண்ட் தடித்து, மூலைகளில் செதிலாக உரிந்து, நடுவே ஒரு மங்கிய நீர்க்கறையுடன் காணப்படும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மழமழவெனப் பூசிவிட்டால் அறையே பெரிதாகத் தோன்றும் என்பது உண்மையே. ஆனால் சுரண்டுகருவியைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள், பூச்சு வேலையைவிட முக்கியமானவை. முன்தயாரிப்பின்றிப் பூசிய பூச்சு சில மாதங்களில் தகடு தகடாகக் கழன்று விழும். அதைவிடக் கவலைக்குரியது, பழைய பூச்சைச் சுரண்டும்போது எழும் தூசி வீட்டிலுள்ளோரின் உடல்நலத்தைப் பல ஆண்டுகளுக்குப் பாதிக்கக்கூடும் என்பது.

தமிழ்நாட்டில் வீடு கட்டிப் பழகியவர்கள் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே மேல்தளம் கான்கிரீட்டால் ஆனது. மறுபூச்சுக்கு முன் கொத்தனார் அதைச் சிறு உளியால் கொத்திவிட்டு, நீர் தெளித்து, சிமெண்டுப் பூச்சு பூசுவார். பெயிண்டர் வந்து பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, வண்ணம் அடிப்பார். ரிச்சர்ட்சன் வீடுகளின் உட்கூரை பெரும்பாலும் மரச்சட்டங்களில் அறையப்பட்ட ஜிப்சம் பலகை. இங்கு டிரைவால் எனப்படுவது. அரை அங்குலத் தடிமனுள்ள அப்பலகையின் இரு பக்கமும் தடித்த தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் உளி வைத்துக் கொத்தினால் பிடிப்பு உண்டாகாது. தாள் கிழிந்து பலகை பொடியும். அதிக நீர் தெளித்தால் தாள் ஊறி உப்பும். ஆகவே ஊர்ப் பழக்கத்தில் பயனுள்ளது 'பட்டி பார்த்தல்' மட்டுமே. ஜாயின்ட் காம்பவுண்ட் என்னும் குழைவை மெல்லிய படலமாக இழுத்துப் பூசும் இங்குள்ள முறை ஏறத்தாழ அதுவேயாகும்.

வீட்டின் வயதை முதலில் அறிதல்

1950களில் கொலின்ஸ் ரேடியோ, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆகிய நிறுவனங்கள் இப்பகுதிக்கு வந்ததைத் தொடர்ந்து ரிச்சர்ட்சன் விரைந்து வளர்ந்தது. அப்போது தொடங்கி 1970கள் வரை கட்டப்பட்ட வீடுகள் நகரின் தெற்கு, மையப் பகுதிகளில் இன்றும் ஏராளம். மறுபூச்சு வேலையில் இந்தக் காலக்கணக்கு வரலாற்று ஆர்வத்துக்குரியது மட்டுமன்று. வீடு 1978க்கு முன் கட்டப்பட்டதா என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும்.

நகரின் ஒரு பகுதி டாலஸ் கவுண்டியிலும் மறுபகுதி காலின் கவுண்டியிலும் உள்ளது. அந்தந்தக் கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலக இணையதளத்தில் முகவரியைத் தேடினால் வீடு கட்டப்பட்ட ஆண்டு தெரியவரும். வீட்டை வாங்கியபோது கையொப்பமிட்ட ஆவணங்களையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. 1978க்கு முன் கட்டிய வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும், அவ்வீட்டில் ஈயம் கலந்த பெயிண்ட் இருப்பது பற்றித் தமக்குத் தெரிந்ததை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். அந்தத் தாள் கோப்பின் அடியில் படிக்கப்படாமலே கிடப்பது பல வீடுகளில் வழக்கம்.

கல்நார்

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் தமிழருக்கு நினைவில் வருவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேய்ந்த கூரைதான். பள்ளிக்கூடம், திரையரங்கு, மாட்டுக்கொட்டகை என எங்கும் பார்த்துப் பழகிய பொருளாதலால் அதன்மீது அச்சம் தோன்றுவதில்லை. ஆனால் சிமெண்டில் இறுகப் பிணைந்த கல்நாருக்கும், கையால் தொட்டாலே உதிரும் பாப்கார்ன் பூச்சிலுள்ள கல்நாருக்கும் பெரும் வேறுபாடு உண்டு. பின்னதைச் சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் காற்றில் கலந்து மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சுடன் நுரையீரலுக்குள் சென்றவை உடலைவிட்டு எளிதில் வெளியேறுவதில்லை. நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா போன்ற நோய்கள் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றன. அன்று இருமலோ எரிச்சலோ இல்லை என்பதால் தீங்கு நேரவில்லை என்று கொள்ள இயலாது.

வீட்டில் பயன்படும் சுவர்ச் சீரமைப்புக் குழைவுகளில் கல்நார் சேர்ப்பது 1977இல் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது. அலங்காரத்துக்காகத் தெளிக்கும் பூச்சுகளில் அதைப் பயன்படுத்துவது 1978இல் தடைசெய்யப்பட்டது. எனினும் கிடங்குகளில் இருந்த பழைய சரக்கு அதன் பின்னரும் சில காலம் பயன்பட்டது. ஆதலால் 1980களின் தொடக்கத்தில் கட்டிய வீட்டையும் ஐயத்துடனேயே அணுக வேண்டும். பாப்கார்ன் இல்லாத, வழவழப்பான உட்கூரையாயிற்றே என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. பலகைகளின் இணைப்புகளை மூடிய அக்காலக் குழைவிலும் கல்நார் இருந்திருக்கலாம்.

பார்வையால் இதைக் கண்டறிய எவராலும் முடியாது. ஆய்வகச் சோதனை ஒன்றே வழி. டெக்சாஸ் மாநிலச் சுகாதாரச் சேவைத் துறையின் உரிமம் பெற்ற கல்நார் ஆய்வாளர் மாதிரி எடுத்து அனுப்புவார். அக்காலத்தில் பூச்சு வேலையிடத்திலேயே கலக்கப்பட்டதால் ஓரிடத்தில் இருந்தது மற்றோரிடத்தில் இல்லாமல் போகலாம். எனவே ஒரே மாதிரியான பூச்சுள்ள பரப்பில் குறைந்தது 3 இடங்களிலிருந்து மாதிரி எடுப்பதே முறை. கல்நார் 1 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது கல்நார் கலந்த பொருளாகக் கருதப்படும். மாநிலத்தின் கல்நார் விதிகள் பொதுக் கட்டடங்களுக்கே உரியவை. தம் சொந்த வீட்டில் தாமே வேலை செய்பவரை அவை பெரிதும் கட்டுப்படுத்துவதில்லை. சட்டம் தடுக்கவில்லை என்பதைப் பாதுகாப்பானது என்று சிலர் பொருள்கொள்வதுதான் வேதனைக்குரியது. சோதனைக்கு ஆகும் செலவு, அறைக்கு வாங்கும் பெயிண்டின் செலவோடு ஒப்பிடத்தக்கதே.

கல்நார் உண்டு என்று முடிவு வந்தாலும் கலங்க வேண்டியதில்லை. உதிராமல், கறைபடாமல், நல்ல நிலையில் இருக்கும் பூச்சைத் தொடாமல் விட்டுவிடலாம். கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரையும் அதுவே. தோற்றம் பிடிக்கவில்லையெனில், அதன் மேலேயே புதிய மெல்லிய டிரைவால் பலகையைச் சட்டங்களில் திருகி மூடும் முறையும் உண்டு. திருகாணி துளைக்கும் இடங்களில் தூசி எழுமாதலால் அதையும் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். முழுதாக அகற்றுவதானால் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் விடுவதே தக்கது.

காரீயம்

தமிழில் ஈயம் என்னும் சொல் இரு உலோகங்களைக் குறித்து மயக்கம் தருவது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். பழைய பெயிண்டில் உள்ளது காரீயம், இது நச்சு. வீடுகளுக்கான பெயிண்டில் இதைச் சேர்ப்பது அமெரிக்காவில் 1978இல் தடைசெய்யப்பட்டது. உட்கூரையைவிடக் கதவு, சன்னல் சட்டங்களில் இது மிகுதியாகக் காணப்படும். ஆயினும் எண்ணெய் பெயிண்ட் அடிக்கும் வழக்கமிருந்த சமையலறை, குளியலறை உட்கூரைகளில் இருக்க வாய்ப்பு உண்டு.

இதன் தீங்கு பெரிதும் சிறு குழந்தைகளுக்கே. உட்கூரையிலிருந்து விழும் தூசி தரையில் படிகிறது. தவழும் குழந்தை அத்தரையில் கை வைத்து, அக்கையை வாயில் வைக்கிறது. குழந்தையின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்கத்தக்கது என நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021இல் வரையறுத்தது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. கற்கும் திறனும் கவனமும் குன்றுவது வெளிப்பார்வைக்கு உடனே தெரியாது. கருவுற்ற பெண்கள் இருக்கும் வீட்டிலும் இதே எச்சரிக்கை தேவை. வேலை நடக்கும் நாள்களில் அவர்களும் குழந்தைகளும் உறவினர் வீட்டில் தங்குவது இயலுமாயின் அதுவே சிறந்தது.

கடைகளில் விற்கும் துடைத்துப் பார்க்கும் சோதனைக் குச்சிகளுள் சில, ஜிப்சத்தின்மேல் பிழையான முடிவைக் காட்டக்கூடும். ஜிப்சத்திலுள்ள சல்பேட் அவற்றின் வேதிவினையில் குறுக்கிடுவதே காரணம். எல்லாப் படலங்களும் அடங்கிய ஒரு பெயிண்ட் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புவது உறுதியான முடிவைத் தரும்.

1978க்கு முன் கட்டிய வீட்டில் கூலி பெற்று வேலை செய்வோருக்கு 2010 ஏப்ரல் முதல் ஒரு கூட்டாட்சி விதி நடைமுறையில் உள்ளது. ஓர் அறைக்குள் 6 சதுர அடிக்கு மேல் பழைய பெயிண்டைக் கலைக்கும் எந்த நிறுவனமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சான்று பெற்றிருக்க வேண்டும். ஈயம் இல்லை என்று முறையான சோதனை காட்டினால் மட்டுமே விலக்கு. 6 சதுர அடி என்பது 3 அடிக்கு 2 அடி. எந்த உட்கூரை வேலையும் அதைக் கடந்துவிடும். வேலை தொடங்குமுன் அவர்கள் வீட்டாரிடம் ஓர் அறிவுரைக் கையேட்டையும் தர வேண்டும். விலைப்புள்ளி கேட்கும்போதே அந்தச் சான்றின் நகலையும் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. 'சான்றெல்லாம் எதற்கு, பாதி விலையில் முடித்துத் தருகிறேன்' என்பவரிடம் அறையைத் திறந்துவிடுவதற்கு முன் ஒருமுறை சிந்திக்க வேண்டும்.

விரிசலும் கறையும்

டாலஸைச் சூழ்ந்த நிலம் கருஞ்சமவெளிக் களிமண். கரிசல் மண்ணை அறிந்தவர்களுக்கு இதன் இயல்பை விளக்க வேண்டியதில்லை: மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் நிற்கும் வீட்டின் அடித்தளமும் அதனோடு சற்றே அசைகிறது. உட்கூரையில் ஆகஸ்டு மாதம் தோன்றி, மழைக்குப் பின் மூடிக்கொள்ளும் விரிசல் அந்த அசைவின் அடையாளம். அதன்மேல் எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் மீண்டும் பிளக்கும்.

எனவே விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, அருகே தேதியைக் குறித்து வைப்பது எளிய, செலவற்ற சோதனை. சில மாதங்களில் விரிசல் கோட்டைத் தாண்டி நீண்டாலோ, கதவுகள் இடிக்கத் தொடங்கினாலோ, அகலம் கால் அங்குலத்தை நெருங்கினாலோ, பூச்சுக்காரருக்கு முன் அடித்தளம் அறிந்த பொறியாளரை அழைக்க வேண்டும். அசையாமல் நிற்கும் மெல்லிய விரிசலாயின், தளர்ந்த குழைவைச் சுரண்டி நீக்கி, பலகை தொய்ந்திருந்தால் சட்டத்தில் திருகாணியால் இறுக்கி, இணைப்பு நாடா ஒட்டி மூடலாம்.

நீர்க்கறையை எப்போதும் ஒரு கேள்வியாகவே கொள்ள வேண்டும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுவதும் உறைந்த குளிரில் எண்ணற்ற வீடுகளில் பரண்வழிச் செல்லும் குழாய்கள் வெடித்தன. அப்போது நனைந்து காய்ந்த பலகைகள் மேலுக்கு வண்ணம் பூசப்பட்டு இன்றும் இருக்கக்கூடும். ஆலங்கட்டி மழையில் சேதமுற்ற கூரையும், அடைபட்ட ஏசி வடிகுழாயும் கறைக்குப் பிற காரணங்கள். விரலால் அழுத்தும்போது பலகை நெகிழ்ந்தாலோ, தட்டும்போது மந்தமாக ஒலித்தாலோ அப்பகுதியை வெட்டி மாற்ற வேண்டும். உறுதியாக இருந்தால், கசிவை அடைத்து, முற்றிலும் உலர்ந்த பின், கறையை மறைக்கும் ஷெல்லாக் வகை பிரைமர் பூச வேண்டும். சாதாரண பிரைமரையும் புதுப்பூச்சையும் ஊடுருவி அந்தப் பழுப்பு நிறம் மீண்டும் மேலே வந்துவிடும்.

பெயிண்டின்மேல் பூச்சு ஏன் பிடிப்பதில்லை

வெறும் ஜிப்சம் பலகையின் தாள் ஈரத்தை உறிஞ்சும். பூச்சுக் குழைவிலுள்ள நீர் அதனுள் இழுக்கப்படும்போது குழைவும் தாளின் நார்களைப் பற்றிக்கொள்கிறது. பெயிண்ட் படலம் இந்த உறிஞ்சலைத் தடுத்துவிடுகிறது. அப்போது புதுப்பூச்சு பலகையைப் பற்றாமல் பெயிண்டை மட்டுமே பற்றித் தொங்குகிறது. கீழே எத்தனை படலங்கள் உள்ளனவோ, அவற்றுள் மிகத் தளர்ந்ததன் வலிமையே மொத்தப் பூச்சின் வலிமை. சுவரில் பூச்சின் எடை சுவரை ஒட்டியே கீழிறங்கும். உட்கூரையிலோ அதே எடை பூச்சைப் பரப்பிலிருந்து நேராகப் பிடுங்கி இழுக்கிறது. சுவரில் தாங்கிய குறை உட்கூரையில் தாங்காததற்கு இதுவே காரணம்.

ஆகவே பழைய பெயிண்டின் பிடிப்பைச் சோதிக்க வேண்டும். கல்நாரும் ஈயமும் இல்லையென உறுதியான பின், கூரிய கத்தியால் பெயிண்டில் மட்டும் சிறு கட்டங்களாகக் கீறி, வலுவான ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென இழுத்துப் பார்க்கலாம். கட்டங்கள் நாடாவோடு வந்துவிட்டால் அப்பகுதியின் பெயிண்டைச் சுரண்டியே ஆக வேண்டும். வராவிட்டால் பெயிண்டை முழுதும் நீக்க வேண்டிய தேவையில்லை. உரியும் ஓரங்களை மட்டும் சுரண்டித் தேய்த்தால் போதும்.

பெயிண்ட் எவ்வகை என்பதும் தெரிய வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் தேய்ப்பு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால், நீர்வகை லேட்டக்ஸ் பெயிண்ட் இளகிப் பஞ்சில் ஒட்டும்; எண்ணெய் பெயிண்ட் அசையாது. மங்கலான லேட்டக்ஸ் பெயிண்டின்மேல் குழைவு நன்றாகவே பிடிக்கும். எண்ணெய் பெயிண்டும் பளபளக்கும் எந்தப் பெயிண்டும் 120 அல்லது 150 எண் உப்புத்தாளால் தேய்த்து மினுக்கம் போக்கப்பட வேண்டும். ஈரப் பஞ்சால் துடைக்கும்போது வெண்பொடியாகக் கரைந்து வரும் பழைய சுண்ணாம்பு வகைப் பூச்சாயின், ஒன்று விடாமல் கழுவி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ்ச் சமையலறையின் உட்கூரை பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். தாளிப்பும் வடைச்சட்டியும் எழுப்பும் எண்ணெய் ஆவி கண்ணுக்குத் தெரியாத பிசுக்காக மேலே படிந்திருக்கும். பூசை அறையில் விளக்குப் புகையும் சாம்பிராணியும் அவ்வாறே. இந்தப் பிசுக்கின்மேல் எந்த பிரைமரும் நிற்காது. பிசுக்கு நீக்கும் சோப்புக் கரைசலால் துடைத்து, பின் தூய நீரில் பிழிந்த துணியால் இருமுறை துடைத்து, ஒரு நாள் உலரவிட வேண்டும்.

இதன் பின்னரே பற்றுதல் தரும் பிரைமர் அல்லது பூச்சுக்கென விற்கும் பிணைப்புத் திரவம் பூச வேண்டும். ஐயமிருந்தால் ஒரு சதுர அடியில் மட்டும் குழைவைப் பூசி ஓர் இரவு விட்டுப் பார்ப்பது நல்லது. காலையில் கொப்புளம் தெரிந்தால் கீழே பெயிண்ட் இளகுகிறது என்று பொருள். முழு அறையையும் பூசிய பின் அதை அறிவதைவிட இது எவ்வளவோ மேல். பூச்சையும் தடிப்பாக ஒரே முறையில் இழுக்காமல், ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அளவில் இரண்டு முறை பூச வேண்டும். சட்டங்கள் 24 அங்குல இடைவெளியில் அமைந்த வீடுகளில் அரை அங்குலப் பலகை ஈரத்தாலும் எடையாலும் தொய்ய வாய்ப்பு உண்டு.

வேலை நாளில்

ஏசியை நிறுத்தி, அதன் காற்றுத் துளைகளையும் திரும்புதுளையையும் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்ட வேண்டும். இல்லையெனில் ஓர் அறையின் தூசி வீடு முழுதும் பரவும். தரையையும் வாசலையும் அவ்வாறே மூடுதல் வேண்டும். மின்விசிறியையும் விளக்கையும் கழற்றும் முன் பிரேக்கரை அணைப்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் 1965 முதல் 1973 வரை கட்டிய வீடுகள் சிலவற்றில் அலுமினிய வயர் உள்ளது. வெள்ளிநிற வயர் கண்ணில் பட்டால் அதை முறுக்கி இணைக்க முயலாமல் எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். மூடி வைத்த புகை எச்சரிக்கைக் கருவியை அன்றிரவே திறந்துவிட மறக்கக் கூடாது.

கல்நார் இல்லையெனச் சோதனை காட்டிய பாப்கார்ன் பூச்சை, வெதுவெதுப்பான நீரில் சில துளி சோப்புக் கலந்து தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டுச் சுரண்டலாம். மேலே பெயிண்ட் அடித்திருந்தால் நீர் உட்புகாது. மெல்லக் கீறிவிட்டுத் தெளிக்க வேண்டும். தூசியை ஒருபோதும் விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்குவமும் ஈரத் துணியுமே ஏற்றவை. குழைவு உலர்ந்த பின் தேய்க்கும் தூசியும் நுரையீரலுக்கு நல்லதன்று. ஈரப் பஞ்சால் தேய்த்தால் தூசி பெரிதும் குறையும்.

அனுமதியும் உதவியும்

பெயிண்ட் அடித்தல், தாள் ஒட்டுதல் போன்ற மேற்பரப்பு வேலைகளுக்குக் கட்டட அனுமதி பொதுவாகத் தேவைப்படுவதில்லை. மரச்சட்டத்தை வெட்டுவது, மின்வயரை மாற்றுவது, குழாயை நகர்த்துவது ஆகியவை சேர்ந்தால் நிலைமை மாறும். தொடங்குமுன் நகராட்சியின் கட்டட ஆய்வுத் துறையிடம் கேட்டுத் தெளிவது நல்லது. வீட்டைப் பெரிய அளவில் புதுப்பிக்க எண்ணுவோர், நகராட்சியின் வீட்டு மேம்பாட்டு ஊக்கத்திட்டம் தமக்குப் பொருந்துமா என்பதையும் அதே வேளையில் விசாரிக்கலாம். வாடகை வீட்டில் இருப்போர் உட்கூரையைத் தாமே சுரண்டாமல், உரியும் பெயிண்ட் பற்றி வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஈயம் பற்றிய ஐயங்களுக்குத் தேசிய ஈயத் தகவல் மையத்தின் கட்டணமற்ற எண்: 1-800-424-5323. பழைய வீட்டில் ஏற்கெனவே சுரண்டும் வேலை நடந்து முடிந்திருந்தால், சிறு குழந்தைகளின் மருத்துவரிடம் அதைச் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் சோதனையைக் கேட்டுப் பெறலாம்.